15-ல் ஓட்டம்... 22-ல் பிரிவு... 39-க்கு நன்றி!

எண்ணில் ஆரம்பிக்கும் ஜப்பான் பாட்டுகளுக்குள் ஒரு ஜாலி விசிட்!

ரோல் நம்பர், கட்-ஆஃப், இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், அரியர்... நம்ம வாழ்க்கையில எண்கள் எப்பவுமே வில்லன் கோஷ்டிதான்! ‘எத்தனை?’ என்று யாராவது கேட்டாலே, பதில் சொல்றதுக்கு முன்னாடியே தலை தானாகக் குனியும். அதிலும் இன்ஜினீயரிங் பசங்களைக் கேட்கவே வேணாம். காலையில் கால்குலேட்டர், மாலையில் கால்குலேட்டர், கனவிலும் கால்குலேட்டர்!

ஆனா, ஜப்பான்ல இதே எண்களை வெச்சு ஒரு நாட்டையே அழ வெச்சிருக்காங்க பாஸ். ‘15-ன் இரவு’, ‘22 வயதின் பிரிவு’, ‘3-ம் மாதம் 9-ம் தேதி’, ‘14-வது நிலா’, ‘24 கோடிக் கண்கள்’... இதெல்லாம் புதிர் போட்டிக் கேள்விகள் இல்லை. அத்தனையும் ஜப்பான் பாப் பாட்டுகளோட தலைப்புகள். எல்லாமே எண்ணில்தான் ஆரம்பிக்குது!

‘அட, தலைப்புல நம்பர் இருந்தா என்ன இப்போ?’ என்று சாதாரணமா நினைச்சு உள்ளே நுழைஞ்சா, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாடியும் ஒரு கதை ஒளிஞ்சிருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா கதவைத் தட்டலாம்!

எண் ஏன் முன்னாடி?

முதல் காரணம், இலக்கணம். பயப்படாதீங்க, ரெண்டே வரிதான். இங்கிலீஷ்ல ‘நைட்’ முதல்ல வந்து, வயசு பின்னாடி வரலாம். ஜப்பானிய மொழியில அது நடக்காது. எது எதை விளக்குதோ, அது முன்னாடி வரணும். ‘15’, அப்புறம் ‘நோ’, அப்புறம் ‘யொரு’. அந்த ‘நோ’ நம்ம ஆறாம் வேற்றுமை உருபு மாதிரி. ‘பதினைந்தின் இரவு’ன்னு தமிழ்ல சொல்லிப் பாருங்க. அப்படியே அதே வரிசை! அதனால வயசோ, தேதியோ, எண்ணிக்கையோ தலைப்புக்குள்ள நுழைஞ்சா, பெரும்பாலும் முதல் சீட்லதான் உட்காருது.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். ‘இளமையின் இரவு’ன்னு ஒரு பாட்டுக்குத் தலைப்பு வெச்சா யாருக்கும் எதுவும் உறைக்காது. எந்த இளமை? எந்த இரவு? ஆனா ‘15-ன் இரவு’ன்னு சொன்னா, கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பத்தாங்கிளாஸ் ஞாபகம் வந்துடும். எண் என்பது உணர்ச்சிக்கு வீட்டு விலாசம் கொடுக்கிற மாதிரி. விலாசம் சரியா இருந்தாதான் தபால் போய்ச் சேரும்!

15, 17, 22... வயசுக்கு வந்த பாட்டுகள்

‘15-ன் இரவு’ பாட்டைப் பாடியவர் ஓஸாகி யுடாகா. 1983 டிசம்பர் 1-ல் இந்தப் பாட்டோடு அறிமுகமானார். அதற்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அவருக்கு 18 முடிஞ்சிருந்தது. பள்ளிக்கூடத்தையும் பெரியவங்களையும் வெறுத்து, திருடின மோட்டார் சைக்கிளில் எங்கே போறோம்னே தெரியாமல் இரவோடு இரவா ஓடுற ஒரு பையனோட கதை அது.

ஏன் 15? ஜப்பானில் கட்டாயக் கல்வி 15 வயசோடு முடியுது. அதுக்கப்புறம் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. ‘எந்த ஸ்கூல் கிடைக்குதோ, அதுதான் உன் தலையெழுத்து’ என்று எல்லாரும் பயமுறுத்துற வயசு (நமக்கு ப்ளஸ் டூ மாதிரி!). 1980-களின் தொடக்கத்தில் ஜப்பான் பள்ளிகளில் மாணவர் வன்முறை உச்சத்தில் இருந்தது. பதிலுக்குப் பள்ளிகளும் முடி நீளம், யூனிஃபார்ம் அளவு என்று விதிகளை இறுக்கிக்கொண்டே போயின. அந்தக் கொதிப்புக்கு நடுவிலதான் இந்தப் பாட்டு பிறந்தது.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? ஜப்பானில் பைக் லைசென்ஸ் வாங்கக் குறைந்தபட்ச வயது 16. ஆக, 15 வயசுப் பையன் பைக்கைத் திருடினாலும் தப்பு, சொந்த பைக்கை ஓட்டினாலும் தப்பு! தலைப்பில் 16-ன்னு இருந்திருந்தா, பாட்டோட பாதிக் கோபம் காணாமல் போயிருக்கும். ஒரே ஒரு எண்தான், ஆனா வேலி எங்கே இருக்குன்னு துல்லியமா காட்டிடுது.

வெளிவந்த சமயத்தில் இந்தப் பாட்டு பெரிய ஹிட் எல்லாம் இல்லை. போகப் போகத்தான் ஒரு தலைமுறையோட குரலாக ஓஸாகி கொண்டாடப்பட்டார். 1992 ஏப்ரலில் அவர் இறந்தபோது வயது 26-தான். டோக்கியோவில் நடந்த இறுதி அஞ்சலிக்கு ஏறக்குறைய 40,000 பேர் மழையில் வரிசை கட்டி நின்றார்கள். அதில் எத்தனையோ பேர் அந்த ‘15’-ஐ எப்பவோ தாண்டி வந்தவர்கள்!

அடுத்து, ‘17 வயது’. 1971 ஜூன் 1-ல் வெளிவந்த இந்தப் பாட்டுதான் மினாமி ஸாவோரியின் முதல் சிங்கிள். பாடகி ஒக்கினாவா தீவுப் பெண். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. ஜப்பானிடம் திரும்ப வந்தது 1972 மே 15-ல்தான். அதாவது, ஒக்கினாவாவில் இருந்து டோக்கியோ போகவே அப்போ பயண ஆவணம் வேணும்! அப்படிக் கடல் தாண்டி வந்த பெண், கடற்கரைக் காதலைப் பாடி ஒரே வருஷத்தில் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டார். பாட்டு வெளிவந்தபோது அவருக்கு இன்னும் 16 முடியவே ஒரு மாசம் பாக்கி... அதாவது, 17-வது பிறந்த நாள் வர்றதுக்கு முன்னாடியே 17-ஐப் பாடிட்டார்!

அதே பாட்டை 1989-ல் டான்ஸ் பீட் போட்டுத் திரும்பப் பாடி ஹிட் ஆக்கினார் மொரிடாகா சிஸாதோ. அப்போ அவருக்கு வயது 20. வராத 17-ஐ ஒருத்தர் எட்டிப் பார்த்துப் பாடுறார்; போன 17-ஐ இன்னொருத்தர் திரும்பிப் பார்த்துப் பாடுறார். எண் ஒண்ணுதான், பாட்டு ஒண்ணுதான். நிற்கிற இடம்தான் வேற. நம்மள மாதிரி இருபதுல இருக்கிறவங்களுக்கு மொரிடாகா பாடுறது கொஞ்சம் கூடுதலாவே குத்தும்!

மூணாவது, ‘22 வயதின் பிரிவு’. ‘கஸே’ (காற்று என்று அர்த்தம்) என்ற இருவர் குழு 1975-ல் சிங்கிளாக வெளியிட்டு, ஜப்பானின் ஓரிகான் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு. எழுதியவர் இஸே ஷோஸோ. அதற்கு முந்தின வருஷமே அவர் இருந்த ‘காகுயாஹிமே’ குழுவின் ஆல்பத்தில் இது இடம்பெற்றிருந்தது. அப்போ அவருக்கும் வயசு 22-தான். ஆனா பாட்டில் பேசுறது ஒரு பெண்.

பதினேழில் ஆரம்பிச்ச காதல். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றினவங்க. இருபத்திரண்டில் அவள் வேறொருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போகிறாள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. காலம் மட்டும்தான். 1975-ல் ஜப்பானியப் பெண்களின் சராசரித் திருமண வயது 24.7. அதனால 22 என்றாலே வீட்டில் ‘எப்போ?’ என்ற கேள்வி ஆரம்பிச்சிருக்கும். பையனுக்கோ 22 என்பது அப்போதான் காலேஜ் முடிக்கிற வயசு. ஒரே எண் இவளுக்குக் கடைசி மணி, அவனுக்கு முதல் மணி. (ம்... இந்த இடத்தில் ஃபைனல் இயர் அண்ணன்கள் சிலர் பெருமூச்சு விடுவது கேட்கிறது!)

பங்கு போட்ட மனசு

இப்போ ஒரு கணக்கு. 1/2 + 1/3 + 1/6 = எவ்வளவு? கால்குலேட்டரைக் கீழே வைங்க... மனசுலயே போடலாம்.

‘1/2’ பாட்டைப் பாடியவர் கவாமொட்டோ மகொட்டோ. மூச்சு விடாமல் வார்த்தைகளைக் கொட்டுற வேகப் பாட்டு. ‘1/3 பங்கு தூய உணர்ச்சி’ என்பது ஸியாம் ஷேட் என்ற ராக் குழுவின் பாட்டு. ரெண்டுமே 1997-ல் வந்தவை. ரெண்டுமே ஒரே அனிமே தொடரில் இடம்பிடித்தவை. ‘ரூரோனி கென்ஷின்’ தெரியும்தானே... கன்னத்தில் சிலுவைத் தழும்போடு வருவாரே, அந்த வாள் வீரர்! ‘1/2’ அந்தத் தொடரின் ஆரம்பப் பாட்டாகவும், ‘1/3’ முடிவுப் பாட்டாகவும் ஒலித்தன. ஒரே தொடருக்கு முன்னாடி ஒரு பின்னம், பின்னாடி ஒரு பின்னம்!

‘1/3’ பாட்டோட விஷயம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மனசு நிறைய இருக்கு. வாய் திறந்தா கால்வாசிகூட வெளியே வர்றதில்லை. வந்ததும் எதிராளிக்கு ஒழுங்காப் போய்ச் சேர்றதில்லை. என்னை மாதிரி இ.சி.இ. பசங்க பாஷையில் சொன்னா, ‘டிரான்ஸ்மிஷன் லாஸ்’! அனுப்பின பவரில் பாதி போய்ச் சேர்ந்தா மைனஸ் 3 டெசிபல். மூணில் ஒரு பங்குன்னா சுமார் மைனஸ் 4.8 டெசிபல். காதலைச் சொல்ல முடியாமல் திணறுற நண்பனைப் பார்த்து ‘மச்சி, உன் சிக்னல் வீக்கா இருக்கு’ன்னு நாம ஓட்டுறோமே... அதையே ஒரு ராக் குழு சீரியஸா எடுத்துப் பாட்டாக்கிட்டாங்க!

இதில் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் ஒரு சூப்பர் ஒற்றுமை உண்டு. எழுதும்போது 1 மேலே, 3 கீழே. இங்கிலீஷ்காரர் மேலேயிருந்து படிப்பார். ஜப்பானியர் ‘ஸான்புன் நோ இச்சி’ என்பார். ‘ஸான்’ என்றால் மூணு, ‘இச்சி’ என்றால் ஒண்ணு. நாமும் அப்படித்தானே சொல்றோம்... ‘மூன்றில் ஒரு பங்கு’! முதல்ல முழுசு எவ்வளவுன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் அதில் நம்ம பங்கு எவ்வளவுன்னு சொல்றோம். பாட்டுத் தலைப்பை அந்த வரிசையில் கேட்டா, ‘இவ்வளவு இருந்தது... இவ்வளவுதான் போச்சு’ என்ற ஏமாற்றம் தானா வந்துடுது.

மிச்சம் 1/6. ஆறில் ஒரு பங்குன்னா வேற என்ன... தாயக்கட்டைதான்! ஹொக்கைடோ தீவின் எச்.டி.பி. என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி 1996-ல் ‘ஸுய்யோ டோதெஷோ’ என்று ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. சிம்பிள் ஐடியா. நடிகர் ஓய்ஸுமி யோவும் கூட்டாளிகளும் ஒரு பகடையை உருட்டுவாங்க. ஆறு பக்கத்துக்கும் ஆறு ஊர். எந்த எண் விழுதோ, உடனே ராத்திரி பஸ்ஸோ, ரயிலோ பிடிச்சு அந்த ஊருக்குக் கிளம்பணும். வீட்டுக்குத் திரும்பணும்னு ஆசைப்பட்டா, பகடை நாட்டோட இன்னொரு மூலைக்கு அனுப்பும். தூக்கம் இல்லாமல், முதுகு வலிச்சு, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டே போற பயணம்தான் நிகழ்ச்சி. ஹொக்கைடோவைத் தாண்டி ஜப்பான் முழுக்க ஹிட்! அதன் தீம் பாட்டு, ஹிகுச்சி ரியோயிச்சி பாடிய ‘1/6-ன் கனவுப் பயணி’. வாழ்க்கையில் நாம நினைச்ச பக்கம் விழுறதுக்கு ஆறில் ஒரு வாய்ப்புதான். கவுன்சலிங்ல கேட்ட பிராஞ்ச் கிடைக்காதவங்க எல்லாம் இந்தப் பாட்டைத் தேசிய கீதமாகவே வெச்சுக்கலாம்!

சரி, கணக்குக்கு விடை? பாதி, மூணில் ஒண்ணு, ஆறில் ஒண்ணு... மூணையும் கூட்டினா முழுசா 1. வேற வேற ஆளுங்க, வேற வேற காரணத்துக்குப் பாடின பாட்டுகள் கூடி ஒண்ணாகிடுச்சு பார்த்தீங்களா!

எண்ணே எழுத்தாகும் மாயம்

ஸ்பிட்ஸ் என்ற குழுவின் 2000-ம் வருஷத்து ஆல்பத்தில் ‘8823’ என்று ஒரு பாட்டு. பின்கோடா? பஸ் நம்பரா? ரெண்டும் இல்லை. அதைப் படிக்க வேண்டிய விதம் ‘ஹயபுஸா’. அப்படின்னா ராஜாளிப் பறவை!

எப்படி? ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒண்ணுக்கு மேற்பட்ட உச்சரிப்பு உண்டு. சீனத்தில் இருந்து வந்தது ஒண்ணு, சொந்த வீட்டுது ஒண்ணு, சுருக்கிக்கிட்டது ஒண்ணு. எட்டு என்பது ‘ஹச்சி’யும் ஆகும், ‘யா’வும் ஆகும். இரண்டு ‘நி’யும் ஆகும், ‘ஃபு’வும் ஆகும். அதனால 8-ஹ, 8-ய, 2-பு, 3-ஸா... ராஜாளி பறந்துடுச்சு! இந்த விளையாட்டுக்கு ‘கொரோஅவாஸே’ன்னு பேர். கடைகளோட போன் நம்பரில் இருந்து சரித்திர வருஷங்களை மனப்பாடம் பண்றது வரைக்கும் அங்கே இதைப் பயன்படுத்துறாங்க.

இது இளைஞர்கள் கையில் கிடைச்சா சும்மா இருப்பாங்களா? செல்போன் பரவுறதுக்கு முன்னாடி, 1990-களில் ஜப்பான் பள்ளி, கல்லூரிப் பெண்கள் கையில் எல்லாம் பேஜர். 1996-ல் பேஜர் வெச்சிருந்தவங்க ஒரு கோடிக்கும் மேல்! ஆரம்பகால பேஜரில் எண்கள் மட்டும்தான் தெரியும். அதனால தெருமுனை டெலிபோன் பூத்தில் நின்று, எண்களையே வார்த்தையாக்கி அனுப்பினாங்க.

பேஜர் பாஷை... குட்டி அகராதி!
0840 - ‘ஓஹாயோ’ (காலை வணக்கம்)
4649 - ‘யொரோஷிகு’ (நம்மளைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க)
889 - ‘ஹயாகு’ (சீக்கிரம்!)
39 - ‘ஸான் கியூ’ (தேங்க் யூவேதான்!)
14106 - ‘ஐஷிதெரு’ (ஐ லவ் யூ)

நமக்கும் ‘143’ தெரியும். ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. 143 என்பது இங்கிலீஷ் எழுத்துகளை எண்ணிப் போட்டது. 14106-ஐ வாய்விட்டுப் படிச்சாலே காதல் வந்துடும்! ஜப்பானில் கடைசியாக இருந்த பேஜர் சேவையும் 2019 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. மெஷின் போச்சு; பாஷை மட்டும் பாட்டுத் தலைப்புகளில் தங்கிடுச்சு. ‘39’ என்றே ஒரு பாட்டு உண்டு. பாடுறது ஹட்ஸுனே மிகு. 2007-ல் வெளிவந்த, கம்ப்யூட்டர் உருவாக்கின குரல்! 3-மி, 9-கு... மிகு. அதே 39 நன்றியும்கூட. ரசிகர்கள் மூணாம் மாசம் ஒன்பதாம் தேதியை மிகு தினமாகக் கொண்டாடுறாங்க.

அந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுத்த கதையே அதுதான்.

ஒரு நண்பனோட கல்யாணத் தேதி

யமனாஷி மாவட்டத்தைச் சேர்ந்த மூணு நண்பர்கள். ரெமியோரொமென் என்று ஒரு ராக் குழு ஆரம்பிச்சிருந்தாங்க. அவங்களோட பொது நண்பர் ஒருத்தருக்குக் கல்யாணம். பெரிய பரிசு வாங்கக் காசு இருக்குமா என்ன... ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தாங்க. தலைப்புக்கு மண்டையை உடைச்சுக்கவே இல்லை. கல்யாணத் தேதியையே வெச்சுட்டாங்க. ‘3-ம் மாதம் 9-ம் தேதி’. 2004-ல் அந்தப் பாட்டு சிங்கிளா வெளிவந்ததும் மார்ச் 9-ம் தேதிதான்.

ஒரு ஜோடியோட சொந்தத் தேதி. மத்தவங்களுக்கு அது வெறும் செவ்வாயோ புதனோ! அதோட கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியலை.

2005 கடைசியில் ஃபுஜி டி.வி-யில் ‘1 லிட்டர் கண்ணீர்’ என்று ஒரு தொடர் வந்தது (பாருங்க, இதுவும் எண்ணில்தான் ஆரம்பிக்குது!). கிதோ ஆயா என்ற பெண்ணின் நிஜ டைரியை வெச்சு எடுத்த கதை. 15 வயதில் அவருக்கு ஒரு நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. மூளையில் உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்துற பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து போகும். முதலில் நடை போகும், அப்புறம் பேச்சு, அப்புறம் எழுத்து. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். பேனா பிடிக்க முடிகிற வரை ஆயா எழுதிக்கிட்டே இருந்தார். 1986-ல் அந்த டைரி புத்தகமானது. 1988-ல், 25 வயதில் அவர் காலமானார்.

அந்தத் தொடரில், நாயகியின் வகுப்புத் தோழர்கள் கோரஸாகப் பாடுற பாட்டுதான் ‘3-ம் மாதம் 9-ம் தேதி’. கல்யாணத்துக்காக எழுதின பாட்டு, கிளாஸ் ரூமுக்குள் வந்துடுச்சு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மார்ச் மாசம் என்றாலே பட்டமளிப்பு விழா, பிரிவு, ஆட்டோகிராஃப், அழுகை. அப்புறம் என்ன... நாடு முழுக்கப் பள்ளிகளில் இதை விடை பெறும் பாட்டாகப் பாட ஆரம்பிச்சுட்டாங்க.

இந்த இடத்தில்தான் எண்ணோட பவர் தெரியுது. ‘எல்லாரும் பாடணும்’னு நினைச்சு எழுதின எத்தனையோ பாட்டுகளை யாரும் பாடுறதில்லை. ஒரே ஒரு நண்பனுக்காக, ஒரே ஒரு தேதியைப் போட்டு எழுதின பாட்டை லட்சக்கணக்கான பேர் தங்களோட பாட்டா எடுத்துக்கிட்டாங்க. அவங்க ஸ்கூல் விழா மார்ச் 1-லோ, 12-லோ இருந்திருக்கும். யாருக்கும் அது உறுத்தலை. தலைப்பில் ஒரு நிஜத் தேதி இருக்கும்போது, கேட்கிறவங்க அந்த இடத்தில் தங்களோட தேதியை வெச்சுக்கிறாங்க. இன்ஜினீயரிங்ல சொன்னா அது கான்ஸ்டன்ட் மாதிரி தெரியுற ஒரு வேரியபிள்!

24 கோடிக் கண்கள்!

தனி ஆளோட எண் மட்டும்தானா? நாட்டோட எண்ணும் உண்டு.

1968-ல் ஸுய்ஸென்ஜி கியோகோ பாடிய ‘365 அடிகளின் மார்ச்’. அந்த வருஷம்தான் ஜப்பான் பொருளாதாரத்தில் மேற்கு ஜெர்மனியை முந்தி, அமெரிக்காவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. எல்லாரும் ஓடிக்கிட்டிருந்த காலத்தில், ‘நாளுக்கு ஓர் அடி போதும்’ என்று கணக்கு சொன்ன உற்சாகப் பாட்டு. முன்னால போறது, பின்னால வர்றது எல்லாம் கழிச்சு மிச்சம் என்னன்னு பார்க்கச் சொன்ன பாட்டு! 2015-ல் அதே 365 திரும்ப வந்தது. ஏ.கே.பி.48 குழு பாடிய ‘365 நாட்களின் காகித விமானம்’. என்.எச்.கே-வின் காலைத் தொடரான ‘ஆஸா கா கிதா’வின் பாட்டு. பள்ளிக் கோரஸ்களிலும் இடம்பிடிச்சது. ஒரு தலைமுறைக்கு வருஷம் என்றால் மார்ச் பாஸ்ட். இன்னொரு தலைமுறைக்கு வருஷம் என்றால் காத்துல மிதக்குற பேப்பர் ராக்கெட்.

‘24 கோடிக் கண்கள்’ 1984-ல் கோ ஹிரோமி பாடியது. ஜப்பான் அரசு ரயில்வேயின் விளம்பரப் பிரசாரத்துக்காக உருவான பாட்டு. அன்றைய மக்கள்தொகை ஏறக்குறைய 12 கோடி. ஆளுக்கு ரெண்டு கண். கணக்கு சரியா வருதா? ‘எல்லாரும் ரயில்ல ஏறி நம்ம நாட்டையே புதுசாப் பாருங்க’ என்று அழைக்க, ஆளை எண்ணாமல் கண்ணை எண்ணியிருக்காங்க! அந்த அரசு ரயில்வே 1987 ஏப்ரலில் பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானது. பாட்டு மட்டும் இன்னும் கரோக்கியில் ஓடிக்கிட்டே இருக்கு.

ஆயிரம் என்ற எண்ணுக்குத் தனி ரூட். ‘ஆயிரம்தான் இருந்தாலும்’னு நாம சொல்லும்போது யாராவது எண்ணிப் பார்க்கிறோமா? ஜப்பானிலும் அப்படித்தான். ஆயிரம் என்றால் ‘எண்ண முடியாதது’. 2011-ல் நம்ம மிகு குரலில் வந்த ‘ஆயிரம் செர்ரி மரங்கள்’ இணையத்தைக் கலக்கியது. ‘ஆயிரம் காற்றாகி’ என்ற பாட்டோ சத்தமே இல்லாமல் வந்தது. செத்துப்போனவர் நம்மிடம் பேசுவது மாதிரியான ஓர் ஆங்கிலக் கவிதையை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்து இசையமைத்தவர் அராய் மான். அதை டெனர் பாடகர் அகிகாவா மஸாஃபூமி 2006 டிசம்பர் 31 இரவு என்.எச்.கே-வின் ‘கோஹாகு’ நிகழ்ச்சியில் பாடினார். பாப் ஸ்டார்களை எல்லாம் ஓரம்கட்டி, 2007-ல் ஜப்பானில் அதிகம் விற்ற சிங்கிள் அதுதான். யாரையாவது இழந்தவங்களுக்கு ஒண்ணு போதலை, ஆயிரம் தேவைப்பட்டிருக்கு.

99... 99.9... அப்புறம்?

‘மாப் சைக்கோ 100’ அனிமே பார்த்தவங்க கை தூக்குங்க! ஹீரோ மாப், எட்டாங்கிளாஸ் பையன். சக்தி ஏராளம், உணர்ச்சியை வெளியே காட்டவே தெரியாது. எல்லாத்தையும் உள்ளே அடக்கி அடக்கி வைப்பான். திரையில் சதவிகிதம் ஏறிக்கிட்டே போகும். 100 ஆனதும் வெடிச்சுடுவான். தொடரோட ஆரம்பப் பாட்டுகளைப் பாடினது மாப் கொயர். 2016-ல் முதல் சீசனுக்கு ‘99’. 2019-ல் ரெண்டாவது சீசனுக்கு ‘99.9’. 2022-ல் மூணாவது, கடைசி சீசனுக்கு என்ன? ‘100’ன்னு நினைச்சா ஏமாந்தீங்க. ‘1’!

யோசிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். நூறு சதவிகிதத்தைப் பின்னமா எழுதினா 1. ஆனா 100 என்றால் வெடிப்பு. 1 என்றால் ஒரு ஆள். சக்தியை எல்லாம் கழிச்சுட்டு, சும்மா ஒரு பையனா நிற்கிறதுக்குத்தான் மாப் மூணு சீசன் பாடுபட்டான் என்பது பார்த்தவங்களுக்குப் புரியும்.

முழுசாகாத எண்ணுக்கு இன்னொரு பாட்டு இருக்கு. 1976-ல், ‘யூமிங்’ என்று ஜப்பானே செல்லமாகக் கூப்பிடும் அராய் யூமி வெளியிட்ட ‘14-வது நிலா’. அவருக்குக் கல்யாணமாகி மட்ஸுடோயா யூமி ஆகுறதுக்கு முன்னாடி வந்த கடைசி ஆல்பத்தோட தலைப்பும் இதுதான். எல்லாரும் பௌர்ணமியைப் பாடுவாங்க. இவர் பதினாலாம் நாள் நிலவைப் பிடிச்சுக்கிட்டார். ஏன்னா, பதினஞ்சாம் நாள் நிலா முழுசு. அதுக்கு மறுநாளே தேய ஆரம்பிச்சுடும். பதினாலாம் நாள் நிலாவுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு. காதலும் சொல்றதுக்கு முந்தின நாள்தான் அழகுங்கிறது யூமிங் கட்சி.

நம்ம மார்க் ஷீட்டில் 14-க்கு மதிப்பே இல்லை. 100-க்கு எவ்வளவு குறையுதுன்னுதான் கேட்பாங்க. குறையுற அந்த ஒண்ணுலதான் எல்லாமே இருக்குன்னு ஒரு பாட்டு சொல்லுது. ஃபைனல் இயருக்கு முந்தின வருஷம், ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி, ‘ஓகே’வா ‘ஸாரி’யான்னு தெரியுறதுக்கு முந்தின நிமிஷம்... இதெல்லாம் நம்மளோட பதினாலாம் நாள் நிலாக்கள்தான்.

சரி மக்களே... உங்க வாழ்க்கையை வெச்சு யாராவது ஒரு பாட்டு எழுதினா, அதோட முதல் எண் என்னவா இருக்கும்? ரோல் நம்பரும் சி.ஜி.பி.ஏ-வும் செல்லாது. வேற எண் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், தேடிப் பாருங்க!